சர்க்கரை நோயாளிக்கு ‘அளவான குடி’ இதயக் காப்பு ஆகுமா?

நீரிழிவு உள்ளவர் அளவோடு குடித்தால் அவருடைய இதயத்துக்கு நல்லது என்ற கருத்து 1990களின் கடைசியில் மருத்துவ இதழ்களில் தொடங்கி, நாளேடுகளின் நலவாழ்வுப் பக்கங்கள் வழியாக இறங்கி, பழைய மாமல்லபுரம் சாலை வரை வந்து சேர்ந்திருக்கிறது. நாவலூரிலும் சிறுசேரியிலும் கேளம்பாக்கத்திலும் சுகர் மாத்திரை போட்டுக்கொண்டே வார இறுதியில் குடிப்பவர்கள் சொல்லும் சமாதானம் இதை ஒட்டித்தான் இருக்கிறது: கொஞ்சமாகக் குடித்தால் ரத்தக் குழாய் அடைக்காது, பிராந்தியில் சர்க்கரை கிடையாது, டாக்டர்களே இரண்டு பெக் வரை அனுமதிக்கிறார்கள். முதல் கூற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகள் அதைத் தாங்கவில்லை. இரண்டாவது பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆபத்து. மூன்றாவது, ஒரு வரம்பைப் பரிந்துரை என்று பிழையாகப் படித்ததால் வந்தது.

சர்க்கரை நோயாளியின் உயிரைப் பெரும்பாலும் எடுப்பது மாரடைப்பும் பக்கவாதமும்தான். சென்னையில் நடந்து 2001இல் வெளியான நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வு, நீரிழிவு உள்ளவர்களில் 21.4% பேருக்கு இதயத் தமனி நோய் இருப்பதைக் கண்டது. சர்க்கரை இயல்பாக இருந்தவர்களில் அது 9.1%. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4% பேருக்கு நீரிழிவு உண்டு. இவ்வளவு பேர் அஞ்சி வாழும் ஒரு நோய்க்கு, விரும்பிக் குடிக்கும் ஒன்றே மருந்து என்று யாராவது சொன்னால் அதை நம்பத் தோன்றும். அதனாலேயே அந்தச் சொல்லை மற்ற எந்த மருந்தையும்விடக் கடுமையாகச் சோதிக்க வேண்டும்.

எதிர்த்தரப்பின் ஆதாரம் வெறும் வதந்தி இல்லை. 1999இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், முதிர்ந்த வயதில் நீரிழிவு வந்த 983 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று வெளியானது. நாளுக்கு 14 கிராமுக்குக் குறையாமல் ஆல்கஹால் எடுத்தவர்கள் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு, ஒருபோதும் குடிக்காதவர்களோடு ஒப்பிடுகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. அடுத்த ஆண்டு, அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த நீண்டகால ஆய்விலிருந்து, நீரிழிவு உள்ள பெண்களில் நாளுக்கு 5 கிராமுக்கு மேல் குடித்தவர்களுக்கு இதய நோய் பாதிக்கும் கீழே குறைந்திருந்தது என்ற முடிவு வந்தது. 2014இல், 20 நாடுகளைச் சேர்ந்த 11,140 நீரிழிவு நோயாளிகள் பங்கேற்ற அட்வான்ஸ் ஆய்வின் தரவுகளை அலசியவர்கள், அளவாகக் குடித்தவர்களுக்கு இதய நிகழ்வுகள் 17% குறைவு என்றார்கள். தேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் நேர்மையாக எண்ணிச் சொன்ன எண்கள் இவை. அந்த எண்களுக்கு என்ன காரணம் என்பதில்தான் சிக்கல்.

விஸ்கான்சின் எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். நீரிழிவு நோயாளிகளுக்கு இதயத்தைக் காக்கும் மருந்துகளில் மிகவும் நிரூபிக்கப்பட்டது ஸ்டாட்டின். 2004இல் வெளியான கார்ட்ஸ் ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்ததில் பெரிய இதய நிகழ்வுகள் 37% குறைந்தன. குலுக்கல் முறையில் இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு அணிக்கு மருந்தும் மறு அணிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துக் கண்ட பலன் அது. மருத்துவ உலகம் அதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடியது. ஒன்றிரண்டு கோப்பை மது அதைப்போல் இரண்டு மடங்கு பலன் தருகிறது என்று ஓர் எண் சொன்னால், மதுவைப் பாராட்டுவதற்கு முன் அந்த எண்ணைச் சந்தேகிப்பதே அறிவியல். இவ்வளவு பெரிய வித்தியாசம் கோப்பைக்குள்ளிருந்து வந்திருக்க முடியாது. கோப்பையைக் கையில் எடுப்பவர் யார், எடுக்காதவர் யார் என்பதிலிருந்து வந்திருக்க வேண்டும்.

பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் ஷேப்பரும் அவருடைய குழுவினரும் 1988இலேயே இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டினார்கள். ‘குடிக்காதவர்கள்’ என்ற வரிசையில், உடம்பு கெட்டுப்போய்க் குடியை விட்டவர்களும் நிற்கிறார்கள். அவர்களுடைய மரணங்கள் குடிக்காதவர்களின் கணக்கில் ஏறுகின்றன. அதனால் குடிப்பவர்கள் ஆரோக்கியமாகத் தெரிகிறார்கள். நீரிழிவில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகிறது. சிறுநீரகம் பழுதானவரையும் காலில் புண் வைத்தவரையும் கணையம் வீங்கியவரையும் பல மாத்திரைகளில் வாழ்பவரையும் மருத்துவரும் குடும்பமும் குடியிலிருந்து தடுத்துவிடுகிறார்கள். பல ஆண்டுகள் சர்க்கரையோடு வாழ்ந்த பிறகும் இரவுச் சாப்பாட்டோடு ஒரு கோப்பை ஒயின் குடிக்க முடிகிறவர், நோய் இன்னும் முற்றாதவர். ஒருபோதும் குடிக்காதவர்களைத் தனியாகப் பிரித்துவிட்டால் தீர்ந்தது என்று சிலர் பதில் சொல்வார்கள். அதிலும் முழுத் தீர்வு இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அளவாகக் குடிப்பவர் சராசரியில் அதிகம் படித்தவர், வசதியுள்ளவர், உடற்பயிற்சி செய்பவர். 2022இல் பிரிட்டனின் 3,71,463 பேரின் தரவுகளை அலசிய ஆய்வு, இந்த வாழ்க்கைமுறை வேறுபாடுகளைக் கணக்கில் சேர்த்ததுமே மதுவின் நன்மையாகத் தெரிந்தது கணிசமாகத் தேய்ந்துபோவதைக் காட்டியது. 2023இல் 107 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கனடா தலைமையிலான குழுவும், ஒப்பீட்டுப் பிழைகளைக் களைந்த பின் அளவான குடி ஆயுளைக் கூட்டுவதற்குச் சான்று எஞ்சவில்லை என்றே முடிவு செய்தது.

ஒருவர் பணக்காரரா, நடைப்பயிற்சி போகிறவரா என்ற கேள்வியே எழாத ஒரு சோதனையும் நடந்திருக்கிறது. ஆல்கஹாலை உடைக்கும் நொதியின் மரபணுவில் ஒரு சிறு மாற்றம் சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. அவர்களுக்குக் குடித்தால் ஒத்துக்கொள்ளாது. ஆகவே வாழ்நாள் முழுவதும் குறைவாகவே குடிக்கிறார்கள். கரு உருவாகும்போதே போடப்பட்ட குலுக்கல் அது. அளவான குடி இதயத்தைக் காக்கும் என்றால், இந்த மரபணு உள்ளவர்களுக்கு மாரடைப்பு கூட வேண்டும். 2014இல் 2.6 லட்சம் பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அவர்களுக்கு இதய நோய் 10% குறைவாக இருந்தது. அளவாக மட்டுமே குடிப்பவர்களிடமும் அதே போக்கு. 2019இல் சீனாவில் 5 லட்சம் பேரைத் தொடர்ந்த ஆய்விலிருந்து வந்த முடிவு இன்னும் தெளிவானது. கேள்வித்தாள் வைத்துக் கேட்டால் அளவாகக் குடிப்பவர்களுக்குப் பக்கவாதம் குறைவு என்று வந்தது. மரபணுவை வைத்துப் பார்த்தால் அந்தக் குறைவு மறைந்துவிட்டது. குடி கூடக் கூட ரத்த அழுத்தமும் பக்கவாதமும் ஒரே சீராக ஏறின. மாரடைப்பைப் பொறுத்தவரை பாதிப்பு தெளிவாகத் தெரியவில்லை, பாதுகாப்பும் தெரியவில்லை.

மது ஆதரவாளர்கள் சொல்லும் உடலியல் காரணம், மது ‘நல்ல கொலஸ்டிரால்’ எனப்படும் எச்.டி.எல்.லை உயர்த்துகிறது என்பது. உயர்த்துவது உண்மைதான். ஆனால் எச்.டி.எல்.லை உயர்த்தினால் மாரடைப்பு குறையும் என்ற நம்பிக்கையே பொய்த்துவிட்டது. டார்செட்ராபிப் என்ற மருந்து அதை 72% உயர்த்தியது. மருந்து எடுத்த அணியில் மரணங்கள் கூடியதால் 2006 டிசம்பரில் அந்த ஆய்வை நிறுத்தினார்கள். எச்.டி.எல்.லை உயர்த்தும் நியாசினும் ஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுத்த இரண்டு பெரிய ஆய்வுகளில் தோற்றது. சிவப்பு ஒயினில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்ற பொருளைச் சிலர் காட்டுகிறார்கள். ஒயினுக்குப் பேர்போன இத்தாலியின் கியான்டி பகுதி முதியவர்களிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வு, உடலில் அந்தப் பொருளின் அளவுக்கும் இதய நோய்க்கும் ஆயுளுக்கும் எந்தத் தொடர்பையும் காணவில்லை. அந்தப் பொருளால் நன்மை உண்டு என்று வாதத்துக்காக ஏற்றாலும், டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி பெரும்பாலும் கரும்பு மொலாசஸிலிருந்து எடுத்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. திராட்சைத் தோலின் பெருமை அந்தப் பாட்டிலுக்குள் வருவதில்லை.

நீரிழிவு நோயாளிகளுக்கே மதுவைக் கொடுத்து, முறைப்படி சோதித்த ஆய்வும் உண்டு. இஸ்ரேலில் நடந்து 2015இல் வெளியான காஸ்கேட் ஆய்வு அது. எதிர்த்தரப்பின் கையிலுள்ள மிகச் சிறந்த சான்றும் அதுவே என்பதால் அதற்கு உரிய மரியாதை தர வேண்டும். சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருந்த, அதுவரை மது அருந்தாத 224 பேரை மூன்று அணியாகப் பிரித்து, இரண்டு ஆண்டுகள், இரவு உணவோடு 150 மி.லி. சிவப்பு ஒயினோ வெள்ளை ஒயினோ மினரல் வாட்டரோ கொடுத்தார்கள். அனைவருக்கும் காய்கறியும் ஆலிவ் எண்ணெயும் மிகுந்த மத்திய தரைக்கடல் உணவு. முடிவில் சிவப்பு ஒயின் அணியில் எச்.டி.எல். சுமார் 2 மி.கி. உயர்ந்தது. ரத்த அழுத்தத்தில் வேறுபாடு இல்லை. மாரடைப்பையோ மரணத்தையோ அளக்கும் அளவுக்கு அது பெரிய ஆய்வும் இல்லை. ஆகமொத்தம், இதயத்தைக் காக்கும் என்ற கூற்றுக்கு அது தருவது, மேலே சொன்னபடி பொருளிழந்துபோன ஓர் எண்ணின் சிறு உயர்வு.

மாரடைப்பையும் மரணத்தையுமே நேரடியாக எண்ணவிருந்த பெரிய ஆய்வு, தொடக்கத்திலேயே நின்றுபோனது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் தொடங்கிய அந்த ஆய்வு 7,800 பேரைச் சேர்த்து, ஒரு அணிக்குத் தினமும் ஒரு கோப்பை என்று பல ஆண்டுகள் தொடரத் திட்டமிட்டிருந்தது. ஏறக்குறைய 10 கோடி டாலர் செலவில் பெரும்பங்கைத் தர முன்வந்தவை உலகின் மிகப் பெரிய பீர், சாராய நிறுவனங்கள். ஆய்வை வடிவமைத்தவர்களும் அதிகாரிகளும் முன்கூட்டியே அந்த நிறுவனங்களை அணுகியிருந்தது தெரியவந்ததும், உள்விசாரணைக்குப் பின் 2018 ஜூனில் அதை மூடிவிட்டார்கள். இதய நன்மை ஆண்டுகளின் கணக்கில் தெரியலாம், புற்றுநோய்க்கு அதைவிட நீண்ட காலம் ஆகும் என்பதால், ஆய்வின் வடிவமே நன்மையைக் காட்டச் சாய்ந்திருந்தது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே வகைப்படுத்தியிருக்கும்போது இதைச் சிறு குறையாக ஒதுக்க முடியாது.

இதுவரை சொன்னவை எல்லாம் வெளிநாட்டுக் கணக்கு. நம் மண்ணுக்கு வந்தால் வாதம் இன்னும் பலவீனமாகிறது. மாரடைப்புக்கான காரணங்களை 52 நாடுகளில் ஆராய்ந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007இல் தனியாக வெளியானது. மற்ற நாடுகளில் குடிப்பவர்களுக்கு மாரடைப்பு சற்றுக் குறைவாகத் தெரிந்தது. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளத்தில் அந்தக் குறைவு இல்லவே இல்லை. இந்திய ஆலைத் தொழிலாளர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் எடுத்த தரவுகளிலிருந்து 2010இல் வெளியான மற்றோர் ஆய்வு, வாழ்நாளில் குடிக்காத ஆண்களோடு ஒப்பிட்டபோது குடிப்பவர்களுக்கு இதயத் தமனி நோய் கூடுதலாக இருப்பதைக் கண்டது. காரணம் மர்மமானது இல்லை. விஸ்கான்சின் முதியவரும் இஸ்ரேலியப் பங்கேற்பாளரும் சாப்பாட்டோடு சிறு கோப்பை குடிக்கிறார்கள். இங்கே குடிக்கும் முறை வேறு, அளவு வேறு.

அந்த அளவைக் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும். டாஸ்மாக் பிராந்தியில் ஆல்கஹால் 42.8%. ஒரு குவார்ட்டர் 180 மி.லி. அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 77 மி.லி., எடையில் ஏறக்குறைய 60 கிராம். இரண்டு பேர் பங்கு போட்டு ஆளுக்குக் கட்டிங் அடித்தாலும் ஒருவருக்கு 30 கிராம். ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டிலில், 8% என்றால், 40 கிராமுக்கு மேல். அமெரிக்க ஆய்வுகளில் ‘ஒரு டிரிங்க்’ என்பது 14 கிராம். காஸ்கேட் ஆய்வின் கோப்பையும் ஏறத்தாழ அந்த அளவுதான். செவிலியர் ஆய்வில் நன்மை கண்டதாகச் சொன்ன வரம்பு 5 கிராமில் தொடங்குகிறது. அது 15 மி.லி. பிராந்தி, சமையலறையில் எண்ணெய் ஊற்றும் பெரிய கரண்டிக்குள் அடங்கும். நாவலூரில் ‘நான் அளவாகத்தான் குடிப்பேன், வாரத்துக்கு ஒருநாள் குவார்ட்டர்’ என்பவர், அந்த ஆய்வுகளின் கணக்கில் ஒரே இரவில் நான்கு டிரிங்க்குக்கு மேல் போனவர். வாரம் முழுவதற்கும் சராசரி எடுத்தால் அவர் மிதமானவர். அந்த ஓர் இரவை எடுத்தால் இல்லை. இன்டர்ஹார்ட் தரவுகளை 2014இல் மறுபடி அலசியவர்கள், 24 மணி நேரத்துக்குள் ஆறு கோப்பையோ அதற்கு மேலோ குடித்த பிறகு, குறிப்பாக முதியவர்களுக்கு, மாரடைப்பு கூடுவதைக் கண்டார்கள். ஒரு குவார்ட்டரோடு ஒரு பீர் சேர்ந்தால் ஆறு கோப்பை தாண்டிவிடுகிறது. மாமல்லபுரம் கடற்கரைப் பகுதியில் சனிக்கிழமை இரவுகளில் இது அபூர்வமான அளவு இல்லை.

இனி, பிராந்தியில் சர்க்கரை இல்லை என்ற பேச்சு. மாவுச்சத்து இல்லை என்பது சரி. ஆனால் ஒரு கிராம் ஆல்கஹால் 7 கலோரி. ஒரு குவார்ட்டர் 420 கலோரியைத் தாண்டும், சைட் டிஷ் தனி. அதைவிடக் கவலைக்குரியது, அது சர்க்கரையை ஏற்றாமல் இறக்குவது. சாப்பிடாத நேரத்தில் ரத்தச் சர்க்கரை விழாமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். சேமித்ததைக் கொடுத்தும், புதிதாகச் சர்க்கரை செய்தும் அது சமாளிக்கிறது. ஆல்கஹாலை எரிக்கும்போது கல்லீரல் செல்லுக்குள் ஏற்படும் வேதிமாற்றம், புதிதாகச் சர்க்கரை செய்யும் வழியை அடைத்துவிடுகிறது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ ஏற்கெனவே சர்க்கரையை இறக்கிக்கொண்டிருக்கும் உடம்பில் இது நடந்தால், விழும் சர்க்கரையைப் பிடித்து நிறுத்த யாரும் இல்லை.

இந்த வீழ்ச்சி குடித்த உடனே வராது என்பதே இதன் கொடுமை. 2001இல் வெளியான ஒரு சிறிய பிரிட்டிஷ் ஆய்வில், முதல் வகை நீரிழிவு உள்ள ஆண்கள் 6 பேருக்கு இரவு 9 மணிக்கு ஒயின் கொடுத்தார்கள். மறுநாள் காலை உணவுக்குப் பின், முற்பகலில், 5 பேருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியது. தண்ணீர் குடித்த நாளில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை. கொடுத்த அளவு, 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு குவார்ட்டரைவிடக் குறைவு. ஷிப்ட் முடிந்து சாப்பிடாமல் குடித்து, பாதிச் சாப்பாட்டில் தூங்கி, காலையில் பைக்கை எடுத்துப் பழைய மாமல்லபுரம் சாலையில் வேலைக்குப் போகும் ஒருவருக்கு அந்த முற்பகல் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வியர்வை, நடுக்கம், குழறல், தள்ளாட்டம் என்று லோ சுகரின் அறிகுறிகள் பலவும் போதையின் அறிகுறிகளைப் போலவே இருக்கின்றன. வாயில் வாடையும் இருந்துவிட்டால், பார்க்கிறவர்கள் ‘குடித்துவிட்டுக் கிடக்கிறான்’ என்று கடந்துபோவார்கள்; வீட்டில் தூங்கட்டும் என்று விடுவார்கள். ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரில் மீண்டிருக்க வேண்டியவர் நினைவிழந்து வலிப்பில் முடிகிறார். லோ சுகர் மூளையோடு நிற்பதும் இல்லை. உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது, இதயத் துடிப்பின் மின்னோட்டம் குலைகிறது. ஏற்கெனவே அடைப்புள்ள இதயத்துக்கு அது மாரடைப்பின் வாசல். இதயத்தைக் காப்பதாகச் சொல்லும் பானம் இதயத்தைத் தாக்கும் வழி இது.

மற்ற வழிகளும் உண்டு. மது டிரைகிளிசரைடைக் கூட்டுகிறது. சர்க்கரை நோயாளிக்கு அது முன்பே கூடியிருக்கும், எல்லை மீறினால் கணைய அழற்சி. 2021இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், தினம் ஒரே ஒரு கோப்பை குடிப்பவர்களுக்கும், பக்கவாதத்துக்கு வழிவிடும் தாறுமாறான இதயத் துடிப்பு 16% கூடுதலாக இருந்தது. சர்க்கரையால் மரத்துப்போகும் காலின் நரம்பை ஆல்கஹாலும் சேர்ந்து கெடுக்கிறது. மெட்ஃபார்மின் எடுப்பவர் அளவுமீறிக் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர் சாப்பிடாமல் குடித்தால் கீட்டோன் ஏறலாம்.

டாக்டர்களே அனுமதிக்கிறார்கள் என்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டியைச் சொல்கிறார்கள். குடிக்கும் ஆண்கள் நாளுக்கு இரண்டு, பெண்கள் ஒன்று என்ற வரம்பைத் தாண்ட வேண்டாம் என்று அது சொல்கிறது. 14 கிராம் கோப்பைக் கணக்கில். குடிக்காதவர்கள் நலத்துக்காகக் குடிக்கத் தொடங்க வேண்டாம் என்ற அறிவுரையும் அண்மைப் பதிப்புகளில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் வரம்பை மட்டும் சொல்வது நேர்மையாகாது. உலக இதயக் கூட்டமைப்பு 2022 ஜனவரியில், எந்த அளவு மதுவும் இதயத்துக்கு நல்லதில்லை என்றது; உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்றது. துறைக்குள் முழு ஒருமித்த கருத்து வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: 2022இல் லான்செட் இதழில் வெளியான உலகளாவிய நோய்ச்சுமைக் கணக்கு, 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மிகச் சிறிய அளவில் சிறு நன்மை இருக்கலாம் என்றது. அந்தக் கணக்கும் மேலே குறை கண்ட அதே வகை ஆய்வுகளின் மேல்தான் நிற்கிறது; அது பேசும் அளவும் கட்டிங்குக்குக் கீழே.

இதயத்தைக் காக்க வேறு வழியே இல்லாமலிருந்தால் இந்தச் சிறு சந்தேக லாபத்தைப் பற்றிப் பேசுவதில் நியாயம் இருக்கும். வழி இருக்கிறது. 1998இல் வெளியான பிரிட்டிஷ் நீரிழிவு ஆய்வில், ரத்த அழுத்தத்தைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியதாலேயே பக்கவாதம் 44% குறைந்தது. பிரஷர் மாத்திரையும் மெட்ஃபார்மினும் தமிழ்நாட்டின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வருகின்றன. பீடி, சிகரெட்டை விடுவதற்குச் செலவே இல்லை. இவற்றில் ஒன்றுக்குக்கூட மதுவைப் போல் வாதாட ஆள் தேவைப்படவில்லை.

மருந்து கொடுப்பவர்கள் மாற்ற வேண்டியது ஒன்று உண்டு. ‘குடிப்பீர்களா’ என்று கேட்டால் ‘எப்போதாவது’ என்ற பதில்தான் வரும். எத்தனை மி.லி., வாரத்தில் எத்தனை நாள், சாப்பிட்ட பிறகா வெறும் வயிற்றிலா, அன்றைக்கு மாத்திரை போட்டீர்களா என்று கேட்டால்தான் ஆபத்து தெரியும். குடிக்கும் நாளில் மாத்திரையைத் தவிர்ப்பவர்களும், இன்சுலினைக் கூட்டிப் போடுபவர்களும் இருக்கிறார்கள், இரண்டுமே கெடுதல். நாள்தோறும் அதிகமாகக் குடித்துப் பழகியவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்பதால், அவர் மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்குச் சிகிச்சை உண்டு. இன்னும் விடாதவர் வெறும் வயிற்றில் குடிக்காமலிருப்பதும், படுக்கும் முன்னும் காலையிலும் சர்க்கரையைப் பார்ப்பதும், காலைச் சாப்பாட்டைத் தவறவிடாமலிருப்பதும் உயிரைக் காக்கும். குடித்த மறுநாள் அவர் குழறினாலோ தள்ளாடினாலோ போதை என்று விட்டுவிடாமல் உடனே குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும் என்பதும், மீட்டர் இல்லாவிட்டால் விழுங்கும் நிலையில் இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பதும், நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும் என்பதும் அவருடைய வீட்டாருக்கும் அறைத்தோழருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.